சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பணம் என் கணக்கில் இருக்கட்டுமா, அரசின் கையில் இருக்கட்டுமா?

மழைக்குருவி

மாதாமாதம் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே ஓய்வூதியத்துக்கென்று ஒரு தொகையைப் பிடித்துவிடுகிறார்கள். அந்தப் பணம் எங்கும் சேர்ந்திருப்பதில்லை. இன்றைக்கு ஓய்வில் இருப்பவர்களுக்கு அப்படியே போய்விடுகிறது. அவர்களுக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. என் முறை வரும்போது எனக்காகக் கட்ட ஆள் இருப்பார்களா என்பதுதான் கவலை.

தென்கொரியாவில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. அமெரிக்காவில் 1950-ல் ஓர் ஓய்வூதியருக்கு 16.5 பேர் சந்தா கட்டினார்கள், இப்போது மூன்று பேர்கூட இல்லை. இந்தப் போக்கு தெரிந்த பிறகும் "அரசு பார்த்துக்கொள்ளும்" என்று நம்பி உட்கார முடியுமா? அதே பணத்தை என் பெயரில் ஒரு கணக்கில் போட்டு, முதலீடு செய்து, வயதான காலத்தில் நானே எடுத்துக்கொண்டால் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் அல்லவா?

கட்சி அரசியலைத் தள்ளி வைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்குங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

நெடுஞ்சாலை

நீங்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் திட்டத்தில் முதலில் ஏறியவர்களுக்கு யோகம். அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் முதல் மாத ஓய்வூதியம் வாங்கியவர் ஐடா மே ஃபுல்லர். மூன்று ஆண்டுகளில் அவர் கட்டிய வரி மொத்தம் 24.75 டாலர். 1940 ஜனவரியில் வந்த முதல் காசோலையே 22.54 டாலர். நூறு வயது வரை வாழ்ந்து 1975-ல் இறந்தபோது அவர் வாங்கியிருந்தது 22,888.92 டாலர். அவர் மேல் தப்பில்லை, திட்டத்தின் அமைப்பு அப்படி. மக்கள்தொகையும் சம்பளமும் ஏறிக்கொண்டே போனால்தான் பின்னால் வருபவர்களுக்கும் கட்டுப்படியாகும். இரண்டில் ஒன்று நின்றாலும் கடைசியில் நிற்பவர் தலையில் விடியும்.

அப்புறம் இன்னொன்று. என் கணக்கில் இருக்கும் பணம் என் சொத்து. நான் அறுபது வயதில் இறந்தால் என் பிள்ளைகளுக்குப் போகும். அரசுத் திட்டத்தில் பெரும்பாலும் மனைவிக்கு ஒரு பங்கு கிடைக்கும், அதோடு முடிந்தது.

---

கரிசல்காற்று

மழைக்குருவி, நீங்கள் கேட்பதை ஒரு நாடு அப்படியே செய்து பார்த்திருக்கிறது. சிலி. ராணுவ ஆட்சிக் காலத்தில், 1980-ல் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த ஹோசே பின்யேரா சட்டம் கொண்டுவந்தார், 1981-ல் அது நடைமுறைக்கு வந்தது. சம்பளத்தில் 10 விழுக்காடு தனியார் நிர்வாகக் கம்பெனிகளில் உங்கள் பெயரில் சேரும். முதலாளி ஒரு காசும் கட்ட வேண்டாம். ராணுவத்தையும் காவல்துறையையும் மட்டும் பழைய திட்டத்திலேயே விட்டார்கள். ஊருக்கெல்லாம் நல்லது என்று சொன்னதைத் தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை என்பதை நான் மறக்கத் தயாராக இல்லை.

பிறகு என்ன ஆனது? வேலை விட்டு விட்டுப் பார்த்தவர்கள், முறைசாரா வேலையில் இருந்தவர்கள், குழந்தை பெற்று வீட்டில் இருந்த பெண்கள் ஆகியோரின் கணக்கில் சேர்ந்தது சொற்பம். 2008-ல் அரசே வரிப்பணத்தில் ஓர் அடிப்படை ஓய்வூதியத்தைச் சேர்க்க வேண்டி வந்தது. 2016-ல் தனியார் கணக்குமுறையே வேண்டாம் என்று பெரும் ஊர்வலங்கள். 2020, 2021-ல் பெருந்தொற்றின்போது நாடாளுமன்றம் மூன்று முறை, தடவைக்கு 10 விழுக்காடு வரை, எடுத்துக்கொள்ள அனுமதித்தது. சேர்ந்தது சொற்பமாக இருந்தவர்கள் முழுவதையுமே எடுக்க வழி இருந்தது, அப்படி ஏராளமானோர் கணக்கைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 2022-ல் அடிப்படை ஓய்வூதியத்தை விரிவாக்கினார்கள். 2025-ல் முதலாளிகளும் பங்களிக்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். எந்த அரசை வெளியே அனுப்பினார்களோ அதே அரசைப் படிப்படியாகத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

சிலி மட்டும் இல்லை. 1981-க்கும் 2014-க்கும் இடையில் 30 நாடுகள் கட்டாய ஓய்வூதியத்தை முழுக்கவோ பாதியோ தனியார்மயமாக்கின என்றும், அவற்றில் 18 நாடுகள் 2018-க்குள் பின்வாங்கிவிட்டன என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது.

---

எண்கோலம்

இரண்டு பேரும் சொன்னதில் கணக்கு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு கணக்குகள் போடுகிறேன்.

முதலாவது, கட்டணம். ஆண்டுக்கு 100 என்று 40 ஆண்டுகள் போடுகிறீர்கள். பணவீக்கம் போக 5 விழுக்காடு வளர்ந்தால் கடைசியில் சுமார் 12,080 இருக்கும். நிர்வாகக் கட்டணம் என்று வருடம் 1 விழுக்காடு கழித்தால் வளர்ச்சி 4 ஆகிறது, கையில் இருப்பது சுமார் 9,500. ஐந்தில் ஒரு பங்கு போயே போய்விட்டது. 1 விழுக்காடு என்று படிவத்தில் பார்க்கும்போது யாருக்கும் உறைக்காது, ஏனென்றால் அது இந்த ஆண்டுச் சந்தாவில் 1 விழுக்காடு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது சேர்ந்த மொத்தத்திலும் ஒவ்வொரு ஆண்டும் 1 விழுக்காடு. முப்பதாவது ஆண்டில் வெட்டுவது பெரிய தொகையிலிருந்து.

இரண்டாவது, ஆயுள். இதைத்தான் அதிகம் பேர் யோசிப்பதில்லை. 65 வயதுக்குப் பிறகு சராசரியாக 20 ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி என்றால் சிலர் 5 ஆண்டில் போய்விடுவார்கள், சிலர் 35 ஆண்டு இருப்பார்கள். நான் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. தனியாகச் சேமித்தால் பயத்துக்கு 30, 35 ஆண்டுக்குச் சேமிக்க வேண்டும். லட்சம் பேர் சேர்ந்து ஒரே பொதுப்பணத்தில் போட்டால் ஆளுக்கு 20 ஆண்டுக்குச் சேமித்தால் போதும். முன்னால் போனவரின் பங்கு பின்னால் போகிறவருக்கு. நெடுஞ்சாலை சொன்ன "பிள்ளைகளுக்குப் போகும்" என்ற வசதிக்கு விலை இதுதான்: 95 வயது வரை இருப்பவருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

இந்த ஆயுள் பங்கீட்டை அரசுதான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆன்யுட்டியும் (மொத்தமாகப் பணம் கட்டினால் சாகும் வரை தவணையாக வரும் வருமானம்) இதையே செய்கிறது. ஆனால் அதை விருப்பத்துக்கு விட்டால் நெடுநாள் வாழ்வோம் என்ற நம்பிக்கை உள்ளவர்கள்தான் வாங்க வருவார்கள். நிறுவனம் அதற்கேற்ப விலையை ஏற்றும். விலை ஏறினால் மற்றவர்கள் இன்னும் ஒதுங்குவார்கள். எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்தால் இந்தச் சிக்கல் வராது. பொது ஓய்வூதியத்தின் நிஜமான பலம் இங்கேதான் இருக்கிறது.

---

நெடுஞ்சாலை

//ஐந்தில் ஒரு பங்கு போயே போய்விட்டது//

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இது தீர்க்க முடியாத நோய் இல்லை. ஸ்வீடனில் சந்தா 18.5 விழுக்காடு. அதில் 2.5 தனி முதலீட்டுக் கணக்குக்குப் போகிறது. எந்த ஃபண்டையும் தேர்ந்தெடுக்காதவர்களின் பணத்தை அரசே நடத்தும் ஒரு ஃபண்டில் போடுகிறார்கள், கட்டணம் மிகக் குறைவு. தனிக் கணக்கு என்றாலே கொள்ளைக் கட்டணம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கரிசல்காற்று தோழருக்கு: அரசு வாக்குக் கொடுத்தால் அது கல்வெட்டா? கிரேக்கத்தில் 2010-க்குப் பிறகு ஓய்வூதியத்தை எத்தனை முறை வெட்டினார்கள் என்று பாருங்கள். வேலையை விட்டுவிட்ட 75 வயதுக்காரர் அந்த வெட்டுக்கு என்ன செய்ய முடியும்? பிரிட்டனில் பெண்களின் ஓய்வூதிய வயது 60 என்று நம்பி இருந்தவர்களுக்கு அது 65 ஆகி, 66 ஆனது. சரியாகத் தகவல் சொல்லவில்லை என்று 1950-களில் பிறந்த பெண்கள் வருடக்கணக்கில் போராடுகிறார்கள். சட்டம் ஒரு வாக்கெடுப்பில் மாறும். ஃபண்டில் எனக்குரிய பங்கைத்தான் யூனிட் என்கிறார்கள். என் பெயரில் உள்ள யூனிட்டை அப்படி மாற்ற முடியாது.

---

கரிசல்காற்று

//என் பெயரில் உள்ள யூனிட்டை அப்படி மாற்ற முடியாது//

மாற்றியிருக்கிறார்கள். அர்ஜென்டினாவில் 1994-ல் திறந்த தனியார் ஓய்வூதியக் கணக்குகளை 2008-ல் அரசு எடுத்துக்கொண்டது. ஹங்கேரி 2010-ல் தொடங்கி அதையே செய்தது. போலந்து 2014-ல் தனியார் நிதிகளில் இருந்த சொத்தில் பாதிக்கு மேல், அரசுக் கடன் பத்திரங்களாக இருந்ததை, தன் பக்கம் மாற்றிக்கொண்டது. அரசிடமிருந்து தப்பத்தான் தனிக் கணக்கு என்றால் அந்தக் கணக்கு எந்தச் சட்டத்தில் நிற்கிறது? அதே அரசின் சட்டத்தில்தானே.

கம்பெனிக்காரர்கள் கையில் விட்டாலும் காவல் வேண்டும். 1991-ல் பிரிட்டன் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பிறகுதான் அவருடைய பத்திரிகைக் குழும ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கும் மேல் காணாமல் போயிருந்தது தெரிந்தது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனி 2001-ல் திவாலானபோது ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கும் மேல் அதே கம்பெனிப் பங்கில் கிடந்தது. வேலையும் போயிற்று, சேமிப்பும் போயிற்று, ஒரே வாரங்களில்.

---

தும்பைப்பூ

அண்ணன்மார் இருவரும் நாடு நாடாகப் போய்வருகிறீர்கள். என் வாழ்க்கையில் இது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

படித்து முடித்து வேலைக்குப் போனேன். குழந்தை பிறந்தபோது விட்டேன். திரும்பச் சேர்ந்தபோது முன்பைவிடக் குறைந்த சம்பளம். மாமியார் படுக்கையில் விழுந்தபோது மறுபடி விட்டேன். இப்போது கிடைக்கும் போது கிடைக்கும் வேலை. இதில் "உன் கணக்கில் நீயே சேர்த்துக்கொள்" என்றால் எதைச் சேர்ப்பது? நான் சும்மா இருந்த நாள் ஒன்று கிடையாது. அந்த வேலைக்குச் சம்பளச் சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

கூட்டு வட்டியின் பலனை எல்லோரும் பேசுகிறார்கள். அது இளம் வயதில் போட்ட பணத்துக்குத்தான் பலம். பெண்கள் வேலையை விடுவது சரியாக அந்த வயதில். அதோடு பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், அப்படியானால் குறைந்த பணத்தை அதிக நாளைக்கு நீட்ட வேண்டும்.

ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் குழந்தை வளர்த்த ஆண்டுகளுக்கு ஓய்வூதியக் கணக்கில் அரசே வரவு வைக்கிறது. இதை எந்தத் தனியார் ஃபண்டும் தானாகச் செய்யாது, செய்யச் சொல்லவும் முடியாது. பொதுப்பணத்தில்தான் முடியும். அதனால்தான் எனக்கு அரசு ஓய்வூதியம் வேண்டும்.

---

நெடுஞ்சாலை

தும்பைப்பூ, நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அரசு விரும்பினால் அந்த வரவை உங்கள் தனிக் கணக்கிலும் போடலாம். தனிக் கணக்கு வேண்டுமா என்பது ஒரு கேள்வி, இல்லாதவருக்கு யார் கொடுப்பது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழைக்கிறோம் என்று படுகிறது.

---

பழையபேரேடு

கடைசியாக நெடுஞ்சாலை சொன்னது சரியான பிரிப்பு. அங்கிருந்தே தொடர்கிறேன். நான் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆகவே கொஞ்சம் நீளமாகப் போகும்.

மழைக்குருவி தம்பி, நீங்கள் 2060-ல் ஓய்வில் இருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் குடிக்கும் பாலும், போட்டுக்கொள்ளும் ஊசியும், உங்களைப் பிடித்து நடத்தும் செவிலியரின் உழைப்பும் அன்றைக்கு வேலை செய்பவர்கள் தருவது. இன்றே வாங்கிப் பூட்டி வைக்க முடியாது. அரசு ஓய்வூதியம் என்பது அவர்கள் உற்பத்தியில் உங்களுக்கு ஒரு பங்கு என்று சட்டம் எழுதிய சீட்டு. பங்குகளும் பத்திரங்களும் அதே உற்பத்தியில் பங்கு என்று சந்தை எழுதிய சீட்டு. உழைப்பவர் குறைந்தால் முதல் சீட்டு வரி ஏற்றத்திலோ ஓய்வூதிய வெட்டிலோ மாட்டும். இரண்டாவது சீட்டு வேறு வழியில் மாட்டும்: முதியவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் விற்க வருவார்கள், வாங்க இளையவர்கள் குறைவு, விலை இறங்கும். அல்லது செவிலியரின் கூலி ஏறி, நீங்கள் சேர்த்தது போதாமல் போகும். மக்கள்தொகைச் சரிவிலிருந்து தனிக் கணக்கு உங்களைத் தூக்கி வெளியே வைத்துவிடும் என்ற எண்ணம்தான் இந்த விவாதத்திலேயே பெரிய தவறான நம்பிக்கை.

சேர்த்து வைத்த பணம் அழிந்த கதையும் உண்டு. பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1889-ல் கொண்டுவந்த சட்டம்தான் உலகின் முதல் பெரிய அரசு முதியோர் காப்பீடு. தொடக்கத்தில் வயது 70, 1916-ல்தான் 65 ஆனது. அந்தத் திட்டம் அன்றன்றைக்கு வந்ததை அன்றன்றைக்குக் கொடுத்துவிடவில்லை. தொழிலாளியும் முதலாளியும் கட்டியதைப் பெரிய நிதியாகச் சேர்த்தார்கள். முதல் உலகப் போரும் 1923-ன் பணவீக்கமும் அந்த நிதியைக் காகிதமாக்கின. இரண்டாம் போருக்குப் பிறகு, 1957-ல், உழைப்பவர் சந்தாவிலிருந்தே ஓய்வூதியம், சம்பளம் ஏறினால் ஓய்வூதியமும் ஏறும் என்ற முறைக்கு அவர்கள் திரும்பியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இனி பொதுச் செலவு. "தனியாருக்கு மாற்றினால் அரசுக்குச் சுமை குறையும்" என்பார்கள். மாற்றும் நாளை நினைத்துப் பாருங்கள். நாளை முதல் இளையவர்களின் சந்தா அவரவர் கணக்குக்குப் போகிறது. ஏற்கெனவே ஓய்வில் இருப்பவர்களுக்கு யார் கொடுப்பது? அரசுதான். வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை. இந்த இரட்டைச் சுமை ஒரு தலைமுறைக்கும் மேல் நீளும். போலந்தில் 1999-ல் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். சந்தாவில் ஒரு பகுதி தனியார் நிதிக்குப் போனது, அரசுக்குப் பள்ளம் விழுந்தது. பள்ளத்தை நிரப்ப அரசு பத்திரம் விற்றது. அந்தப் பத்திரங்களை வாங்கியவர்களில் பெரும்பங்கு அதே தனியார் நிதிகள். தொழிலாளியின் பணம் நிதிக்குப் போய், நிதியிலிருந்து அரசுக்கு வந்து, அரசிடமிருந்து ஓய்வூதியருக்குப் போயிற்று. முன்பும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் கட்டணம் எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் புதிது.

பொதுவாகவும் இதுதான் விதி. சேமிப்பு புதிதாக இருந்தால், அது தொழிற்சாலையாக, மின் நிலையமாக, மருத்துவமனையாக மாறினால், 2060-ல் உற்பத்தி கூடும், உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் பங்கு பெரிதாகும். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றியதால் உற்பத்தி கூடாது.

---

மழைக்குருவி

ஐயா, தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. இரண்டு சந்தேகம்.

ஒன்று, நம் நாட்டில் ஆள் குறைந்தால் ஆள் கூடும் நாட்டில் முதலீடு செய்யலாமே? அங்குள்ள உற்பத்தியில் பங்கு கிடைக்குமே.

இரண்டு, அப்படியானால் அரசுத் திட்டத்தில் ஓய்வு வயதை ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லையா? பிரான்ஸில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கச் சட்டம் கொண்டுவந்தபோது தெருவெல்லாம் போராட்டமாக இருந்ததே.

---

எண்கோலம்

முதல் சந்தேகத்துக்கு: நல்ல யோசனை, செய்யவும் செய்கிறார்கள். அதற்கு நாணய மாற்று விலையின் ஏற்ற இறக்கத்தையும் அந்த நாட்டின் அரசியலையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஒரே நாட்டில் போடுவதைவிட உலகம் முழுக்கப் பரப்பிப் போடுவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜப்பானின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் 38,915-ஐத் தொட்டது. அந்த உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள். "நீண்ட காலத்துக்குப் போட்டால் சந்தை ஏறியே தீரும்" என்று சொல்பவர்கள் எத்தனை நீளம் என்று சொல்வதில்லை.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கப் பங்குச்சந்தை 2008-ல் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அந்த ஆண்டு 35 வயதில் இருந்தவருக்கு அது பிறகு மறந்துபோகிற செய்தி. பணம் எடுக்கத் தொடங்கிய 65 வயதுக்காரருக்கு அப்படி இல்லை. சந்தை பின்னால் ஏறும்போது அவரிடம் விற்காமல் மிஞ்சிய யூனிட் குறைவு. ஒரே தொகை, ஒரே சராசரி வளர்ச்சி, ஆனால் நஷ்ட ஆண்டு முதலில் வந்தவருக்குப் பணம் முன்னாலேயே தீரும். ஓய்வு நெருங்க நெருங்கப் பத்திரங்களுக்கு மாறுவதால் இந்த ஆபத்து குறையும், வளர்ச்சியும் சேர்ந்து குறையும்.

இரண்டாவதுக்கு: வயதை ஏற்றுவது ஒன்றுதான் வழி என்பதில்லை. ஸ்வீடனில் தானாக இயங்கும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். திட்டத்தின் கடன் அதன் இருப்பைவிடக் கூடினால் ஓய்வூதிய உயர்வு தானாகக் குறையும், பின்னர் நிலைமை சரியானால் ஏறும். 2010-ல் அது முதல்முறை இயங்கி ஓய்வூதியம் குறைந்தது. யாருக்கும் இனிக்கவில்லை, ஆனாலும் திட்டம் முழுகவில்லை. விதி முன்கூட்டியே தெரிந்திருந்தால் மக்கள் தயாராகிக்கொள்ள முடியும். கிரேக்கத்தில் நடந்தது போல ஒரே இரவில் வெட்டுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

---

கரிசல்காற்று

வயதை ஏற்றுவது எல்லோருக்கும் ஒரே சுமை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 67 ஒன்றும் பெரிதில்லை. பதினெட்டு வயதில் சித்தாள் வேலைக்குப் போனவருக்கு ஐம்பத்தைந்திலேயே முதுகு போய்விடும். ஏழைகளின் ஆயுளும் குறைவு. வயதை இரண்டு ஆண்டு தள்ளினால் அதிக நாள் வாழ்பவர் இழப்பது சிறு பங்கு, குறைந்த நாள் வாழ்பவர் இழப்பது பெரும் பங்கு. வயதைப் பார்க்காமல் எத்தனை ஆண்டு உழைத்தார் என்று பார்த்தால் இன்னும் நியாயம்.

"பொதுச் செலவு, பொதுச் செலவு" என்று பயமுறுத்துகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்: தனியார் ஓய்வுச் சேமிப்புக்குக் கொடுக்கும் வரிச்சலுகையும் பொதுச் செலவுதான். வரவேண்டிய வரி வரவில்லை என்றால் கருவூலத்துக்கு அது செலவே. ஆஸ்திரேலியாவில் 1992-ல் முதலாளிகளின் கட்டாயப் பங்களிப்பு முறை வந்தது, 2025 ஜூலையில் சம்பளத்தில் 12 விழுக்காடு ஆகியிருக்கிறது. அந்தச் சேமிப்புக்கான வரிச்சலுகையால் கருவூலம் இழப்பது, முதியோர் ஓய்வூதியத்துக்கு அரசு செலவழிப்பதை நெருங்கிவிட்டது. அந்தச் சலுகையில் பெரும்பங்கு யாருக்குப் போகும்? அதிகச் சம்பளம், அதிக வரி, அதிகச் சேமிப்பு உள்ளவருக்கு. ஏழை முதியவருக்குக் கொடுத்தால் "இலவசம்", பணக்காரருக்கு விட்டுக்கொடுத்தால் "ஊக்கம்" என்று பேர் வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

---

நெடுஞ்சாலை

வரிச்சலுகை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், அதற்கு உச்சவரம்பு வேண்டும்.

ஆனால் செலவை அலட்சியமாகத் தள்ள முடியாது தோழர். இத்தாலி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 16 விழுக்காட்டை ஓய்வூதியத்துக்குக் கொடுக்கிறது. அந்த நாட்டில் இளைஞர்களுக்கு வேலை கிடைப்பதில்லை, குழந்தை வளர்ப்புக்கு உதவி போதவில்லை. முதியவர்கள் வாக்குச்சாவடிக்குத் தவறாமல் வருகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாக்கே இல்லை. பட்ஜெட்டில் யார் குரல் கேட்கும்? ஓய்வூதியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வளர்ந்து வளர்ந்து பள்ளிக்கூடத்தையும் தொழிலையும் விழுங்கினால், பழையபேரேடு ஐயா சொன்ன அந்த 2060-ன் உற்பத்தியே குறைந்துவிடும்.

---

தும்பைப்பூ

இத்தாலியைச் சொன்னால் தென்கொரியாவையும் சொல்லுங்கள் அண்ணா. அங்கே பொது ஓய்வூதியச் செலவு உற்பத்தியில் 4 விழுக்காடு அளவில்தான். முதியவர்களில் பத்தில் நான்கு பேர் ஏழைகள், பணக்கார நாடுகளில் அதுதான் மிக அதிகம். அரசு செலவழிக்காவிட்டால் முதுமை செலவில்லாமல் போய்விடுகிறதா? அது மகள் தலையிலும் மருமகள் தலையிலும் விழுகிறது. அட்டை பொறுக்கி வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் பாட்டிகளின் முதுகில் விழுகிறது. எந்தப் பட்ஜெட் புத்தகத்திலும் அந்தச் செலவுக்கு ஒரு வரி கிடையாது.

---

வெளித்திண்ணை

இழையை முழுக்கப் படித்தேன். நான் சொந்தமாகச் சின்ன வேலை செய்து பிழைப்பவன். முதலாளி கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. நீங்கள் பேசும் இரண்டு வகையிலுமே நான் இல்லை. உலகில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேல் என்னைப் போல முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள். எங்களுக்கு என்ன வழி?

---

எண்கோலம்

நல்ல நேரத்தில் வந்தீர்கள். சந்தா கட்டினால்தான் ஓய்வூதியம் என்ற எந்த முறையும், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், உங்களை வெளியே நிறுத்திவிடுகிறது. உள்ளே கொண்டுவருவது வரியிலிருந்து கொடுக்கும் அடிப்படைத் தொகைதான். பிரிட்டனில் 1908-ல் சட்டம் போட்டு 1909 ஜனவரி 1 முதல் 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். சந்தாவே கேட்கவில்லை. நியூஸிலாந்தில் இன்று 65 வயதும் போதுமான ஆண்டுகள் குடியிருப்பும் இருந்தால் போதும், என்ன வேலை பார்த்தீர்கள், எவ்வளவு சேர்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு மேல் வேண்டுபவர்கள் 2007-ல் வந்த தனிச் சேமிப்புத் திட்டத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பொலிவியாவில் 2008 முதல் எல்லா முதியவர்களுக்கும் ஒரு தொகை தருகிறார்கள். எரிவாயு, எண்ணெய் வரி வருமானம் அதற்கு முக்கிய ஆதாரம்.

நியூஸிலாந்து முறை எனக்கு மிகவும் பிடித்தது. எளிமை. விண்ணப்பத்தில் ஏழை என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அடியில் உறுதியான பொதுத் தொகை, அதன் மேல் அவரவர் சேமிப்பு. இதில் நெடுஞ்சாலைக்கும் இடம் இருக்கிறது, கரிசல்காற்றுக்கும் இடம் இருக்கிறது. சண்டை போட வேண்டியது அடித்தளம் எவ்வளவு உயரம் என்பதற்குத்தான்.

---

கரிசல்காற்று

அந்த உயரத்துக்குத்தான் எங்கள் போராட்டம் எல்லாம். பணவீக்கத்தோடு ஏறாத அடிப்படைத் தொகை பத்துப் பதினைந்து ஆண்டில் பேருக்கு இருக்கும், வயிற்றுக்கு இருக்காது.

---

நெடுஞ்சாலை

மேலே உள்ள சேமிப்பைப் பற்றி ஒன்று. "விருப்பம் இருந்தால் சேருங்கள்" என்று விட்டால் பெரும்பாலானோர் சேர மாட்டார்கள். சோம்பல் இல்லை, படிவமும் குழப்பமும்தான் தடை. பிரிட்டன் 2012-ல் அதைத் திருப்பிப் போட்டது. வேலைக்குச் சேர்ந்தால் தானாகவே திட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து வெளியேறலாம். வெளியேறியவர்கள் பத்தில் ஒருவர் அளவில்தான். கட்டாயமும் இல்லை, கைவிடவும் இல்லை.

---

மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. நான் இழையைத் தொடங்கியபோது கேட்டது "யார் கையில் பணம்" என்று. இப்போது கேட்கத் தோன்றுவது வேறு. சந்தை விழுந்தால் நஷ்டம் யாருக்கு, நான் அதிக நாள் வாழ்ந்தால் செலவு யாருக்கு, விலைவாசி ஏறினால் இடிப்பது யாரை என்று ஒவ்வொரு திட்டத்திலும் கேட்க வேண்டும் போல. அரசுச் சந்தாவைத் தொடர்ந்து கட்டுகிறேன், முணுமுணுக்காமல். மேலே கொஞ்சம் தனியாகவும் போடப் போகிறேன், கட்டணத்தைப் பார்த்து.

கடைசியாக ஒரு கேள்வி பழையபேரேடு ஐயாவிடம். தனியாகச் சேர்த்ததை ஓய்வு பெறும்போது மொத்தமாக எடுத்துக்கொள்வதா, மாதாமாதம் வருமாறு மாற்றிக்கொள்வதா?

---

பழையபேரேடு

தம்பி, உங்கள் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் 2015 ஏப்ரல் முதல் விருப்பம் போல எடுத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். அதன் பிறகு ஆன்யுட்டி வாங்குபவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். மொத்தமாகக் கையில் பார்க்கும்போது அது பெரிய பணமாகத் தெரிவது இயல்பு. கல்யாணம், வீடு, பிள்ளையின் தொழில் என்று கேட்பவர்களும் வருவார்கள். அவர்கள் கேட்பது தப்பில்லை, நீங்கள் கொடுப்பதும் தப்பில்லை, ஆனால் எண்பது வயதில் திரும்பக் கேட்க முடியாது.

என்னைக் கேட்டால், சாப்பாடு, வாடகை, மருந்து, மின்கட்டணம் இந்த நான்கையும் கூட்டுங்கள். அரசு ஓய்வூதியம் அதை எட்டுகிறதா பாருங்கள். எட்டாத பகுதி எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் சாகும் வரை வரும் மாத வருமானமாக மாற்றுங்கள். மீதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு.

ஆன்யுட்டி வாங்கும்போது மூன்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விலைவாசியோடு தொகை ஏறுமா, கடைசி வரை ஒரே தொகைதானா? நீங்கள் போன பிறகு மனைவிக்கு எவ்வளவு வரும், உடனே வருமா? நீங்கள் சீக்கிரம் இறந்தால் போட்டதில் ஏதாவது திரும்புமா? ஒவ்வொன்றையும் சேர்த்தால் மாதத் தொகை குறையும், அதனால் விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால் மனைவிக்கான பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த கணக்குகளில் அதை விட்டவர்களின் வீட்டில்தான் கஷ்டம் அதிகம்.